தேதி தானா வரும்

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாமுங்க, அது ஒரு கால் ஆடும். இதை இப்படி என்ற பக்கத்துல போட்டுக்குங்க, அப்பத்தான் ஸ்கிரீன் தெரியும். காப்பி சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரிங்க. எனக்கும் இன்னைக்கு ஒண்ணும் எறங்காது.

மேல கான்பரன்ஸ் ரூம்ல ரெண்டரை மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. நாச்சிமுத்து மேல விசாரணை. நம்ம டெக்னீசியனுங்க, வடவள்ளிப் பக்கம் பூரா அவன் பாக்கறதுதான். கடைசியில என்னைக் கூப்பிடுவாங்க, ஒரே ஒரு கேள்விக்கு. அதுக்குள்ள இந்த சிஸ்டத்தை உங்க கிட்ட ஒப்படைச்சுப்போடுன்னு எம்.டி. சொல்லிட்டாரு. திங்கக்கிழமை நான் ஓசூர் போறேன்லங்க. புது பிராஞ்ச், சிஸ்டம்ஸ் மேனேஜர். பதினோரு வருசம் கழிச்சு இப்பத்தான் பேருக்குப் பின்னால ஒரு மேனேஜர் ஒட்டிருக்குது. இனிமே இந்த எடம் உங்களுது.

நம்ம வேலை என்னன்னு எச்.ஆர்.ல சொல்லியிருப்பாங்க. லிஃப்ட் வெக்கறது, வெச்ச லிஃப்ட்டைப் பராமரிக்கறது. கோயமுத்தூரைச் சுத்தி நானூத்திச் சொச்சம் கட்டடமுங்க. எங்க என்ன கோளாறுன்னாலும் கம்ப்ளெய்ண்ட் இதுல ஏறும். ஏறுனா அதுக்கு ஒரு நம்பர். நம்பர் விழுந்தா அதுக்கு ஒரு தேதி. அந்தத் தேதிக்குள்ள சரி பண்ணிப்போடணும். நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது அந்தத் தேதி ஒண்ணுதானுங்க. மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, படிச்சவீங்க.

இங்க பாருங்க, இந்தக் கட்டம். 'முடிக்க வேண்டிய தேதி'. இதுல யாரும் கையால எழுத முடியாதுங்க. அதுவா கணக்குப் போட்டுக் காட்டும். ஆள் உள்ள மாட்டிக்கிட்டா அன்னைக்கே. கதவு மூடலைன்னா ரெண்டு நாள். மத்ததுக்கெல்லாம் ஏழு நாள். கம்ப்ளெய்ண்ட் பதிவான நாள், அதுக்கு மேல ஏழு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமையில விழுந்தா அடுத்த நாள். இதை நான் எழுதறப்ப இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இப்படி ஒண்ணு பண்ண முடியும்னே தெரியாதுங்க. எல்லாரும் டைரியில எழுதிட்டிருந்தாங்க.

அப்பறம் எம்.டி. கூப்பிட்டு, தண்டபாணி, அஷ்டமி நவமியில தேதி விழுகுதேப்பா, நல்லால்லையேன்னாரு. அவருக்கு அந்த நாள்ல எதை முடிச்சாலும் வெளங்காதுங்கற நம்பிக்கை. சிரிக்காதீங்க மேடம். மொதலாளி சொன்னா செய்யணுமில்லீங்களா? தினசரிக் காலண்டரை வாங்கிட்டு வந்து, வருசம் பூராவுக்கும் அஷ்டமி, நவமி, கரிநாள் அத்தனையும் ஒரு பட்டியலா ஏத்துனேன். அந்த நாள்ல விழுந்தா அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளும். ஒரு நா கூடத் தப்புனதில்லைங்க. வெளியூர் கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு வாயில விரலை வெச்சுட்டாங்க.

என்ன சத்தமுங்க அது? மேலயா? சேர் நகத்தறாங்களாட்ட இருக்குது. நான் கூப்பிடறாங்களோன்னு நெனைச்சேன்.

எங்க விட்டேன்? ஆங், செவப்பு. தேதி தாண்டுனா அந்த வரி செவப்பாயிரும். திங்கக்கிழமை மீட்டிங்குல அந்த லிஸ்ட்டைப் போடுவாங்க. முப்பது செவப்பு, நாப்பது செவப்பு. நாலு டெக்னீசியன வெச்சுட்டு நானூறு கட்டடம் பாத்தா செவப்பு வராம பச்சையா வரும்? ஆனா எம்.டி. டெக்னீசியன எல்லாம் திட்ட மாட்டாருங்க. அவங்க வெளிய இருக்காங்க. கையுக்குக் கெடைக்கறவன் நாந்தான். ஏப்பா, உன்ற சிஸ்டம் என்னப்பா எழவு விழுந்த வீடாட்ட இருக்குது, இனிமே என்ற கண்ணுல செவப்பு படக் கூடாதுன்னு எல்லார்த்து முன்னாடியும் சொல்லிப்போட்டாரு. எனக்கு நெம்ப அவமானமாப் போச்சுங்க. அன்னைக்கு மத்தியானம் சோறு திங்கலை.

அப்பறம் ரோசனை பண்ணுனேன். ஒரு கம்ப்ளெய்ண்ட்டுல நேத்து ஒருத்தர் ஏதோ எழுதியிருக்காரு, இன்னைக்கு நம்மாளு பதில் எழுதியிருக்கான்னு வெச்சுக்குங்க. அது கெடப்புல கெடக்கற கம்ப்ளெய்ண்ட்டுங்களா? இல்லை. அதுல பேச்சு நடந்துட்டிருக்குது. அப்ப ஏழு நாளை எங்கிருந்து எண்ணணும்? பதிவான நாள்ல இருந்தா, இல்லை கடைசியாப் பேசுன நாள்ல இருந்தா? நீங்களே சொல்லுங்க. நான் கடைசியாப் பேசுன நாள்ல இருந்து எண்ணுன்னு மாத்துனேன். ஒரே ஒரு வார்த்தைதானுங்க மாத்துனது. அடுத்த திங்கக்கிழமை லிஸ்ட்டைப் போட்டா பூராம் பச்சை. சும்மா ரெண்டோ மூணோ செவப்பு, அதுவும் பூட்டிக் கெடக்கற கட்டடம். எம்.டி. எந்திரிச்சு வந்து கை குடுத்தாருங்க. ஓசூர் பேச்சு அன்னைக்குத்தான் மொதல் மொதல்ல வந்துச்சு.

இல்லீங்க, அவருக்கு எப்படின்னு சொல்லலை. அவரும் கேக்கலை. பச்சையா இருக்கறப்ப யாருங்க ஏன் பச்சைன்னு கேப்பாங்க?

நாச்சிமுத்து கேட்டான். அதையும் சொல்லிப்போடறேன், பின்னால யாராச்சும் உங்க கிட்ட ஒண்ணு ரெண்டாச் சொல்லுவாங்க. ஜூன் மாசக் கடைசியில வந்தானுங்க, கையெல்லாம் கிரீஸு, இந்தக் கதவுகிட்டயே நின்னான். அண்ணா, வடவள்ளி அப்பார்ட்மெண்ட்டுல லிஃப்ட்டு தரைக்குச் சமமா நிக்காம நாலு விரக்கடை கீழ நிக்குதாமா, பிரேக்கா இருக்கும்னு தோணுது, அந்தச் செகரெட்டரியம்மா போன் பண்ணிப் பண்ணித் திட்டுது, ஆனா என்ற லிஸ்ட்டுல அது வரவே மாட்டேங்குதுண்ணா, பாருங்கண்ணான்னான்.

டெக்னீசியனுக்குக் காலையில போன்ல ஒரு லிஸ்ட் போகுமுங்க. இன்னைக்கும் நாளைக்கும் தேதி இருக்கறதும், தேதி தாண்டிக் கெடக்கறதும் மட்டும்; மத்ததை நம்பர் போட்டுத் தொறந்து பாக்கலாம், அவ்வளவுதான். அதுல இருக்கற எடத்துக்குத்தான் போகணும். லிஸ்ட்டுல இல்லாத எடத்துக்குப் போனா மெமோ. அது எம்.டி. போட்ட சட்டம், தப்பில்லாத சட்டமுங்க. முன்னாடியெல்லாம் எந்தக் கட்டடத்துல காப்பியும் முறுக்கும் குடுக்கறாங்களோ அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்குத்தான் வாரத்துல மூணு தடவை ரிப்பேரு வரும்.

நான் தொறந்து பாத்தேன். தேதி ஜூலை ஏழுன்னு காட்டுச்சு. ஏப்பா நாச்சிமுத்து, தேதி இன்னும் ஒரு வாரம் இருக்குது, வர்றப்ப தானா லிஸ்ட்டுல வரும், அதுக்குள்ள நீயாப் போய் மெமோ வாங்காதேன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். என்ற புது வீட்டுல பால் காய்ச்சறதுக்கு விடியக்கால வந்து வாழை மரம் கட்டுனவனுங்க அவன். சரீங்கண்ணான்னு போயிட்டான். பொறகு இன்னொருக்காவும் வந்தான், ஜூலை பத்து வாக்குல. அப்ப தேதி பதினேழுன்னு இருந்துச்சு. எனக்கு அன்னைக்கு ஆடிட்டிங் வேலை தலைக்கு மேல. வரும்னு சொன்னேன்ல, வரும் போடான்னு விரட்டிட்டேன்.

ஏன் வரலைன்னு கேக்கறீங்களா? அதைத்தானுங்க சொல்ல வர்றேன். அந்தச் செகரெட்டரி. சுலோசனான்னு பேரு, பேங்க்ல இருந்து ரிட்டையரானவங்க. அவங்க ஜூன் மூணாந்தேதி கம்ப்ளெய்ண்ட் போட்டாங்க. போட்டவங்க சும்மா இருக்கலாமில்லீங்களா? தெனமும் காலையில ஒம்பது மணிக்கு அதுலயே எழுதுவாங்க. 'வணக்கம். இன்றும் யாரும் வரவில்லை.' அடுத்த நாள், 'வணக்கம். இன்றும் யாரும் வரவில்லை.' இங்க பாருங்க, கீழ போயிட்டே இருங்க. ஞாயித்துக்கிழமையக்கூட விடலீங்க. நாப்பத்திமூணு நாளு. அவங்க ஒருக்கா எழுதுனா, அதுதான் கடைசியாப் பேசுன நாளு. அங்கிருந்து ஏழு. மறுநா எழுதுனா மறுபடி அங்கிருந்து ஏழு. தேதி பக்கத்துல வர்றதுக்கு அந்தம்மா விடவே இல்லைங்க. ஒரே ஒரு வாரம் கம்முனு இருந்திருந்தாங்கன்னா தேதி தானா வந்திருக்கும், நாச்சிமுத்து லிஸ்ட்டுல விழுந்திருக்கும், அவன் போயிருப்பான், அரை நாள் வேலை. இவ்வளவு படிச்சவங்க, ஒரு பொறுமை வேண்டாமுங்களா?

நீங்க ஏன் மேடம் அப்படிப் பாக்கறீங்க?

சரி. அப்பறம் ஜூலை பதினாறு. அன்னைக்கும் ஒம்பது மணிக்கு எழுதியிருக்காங்க பாருங்க. பத்தே முக்காலுக்குப் பாப்பாத்தின்னு ஒரு அம்மா, அங்க நாலு வீட்டுல வேலை செய்யறவங்க, மூணாவது மாடியில பக்கெட்டோட வெளிய கால் வெச்சிருக்காங்க. ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள. லிஃப்ட் நிக்காம வழுக்கிருச்சு. இடுப்புலயும் தொடையிலயும் எலும்பு முறிஞ்சு போச்சுங்க. உசுருக்கு ஒண்ணுமில்லை. நடக்கறதுக்கு ஆறு மாசம் ஆகும்கறாங்க, நடப்பாங்களான்னு கேட்டா டாக்டர் இப்பச் சொல்ல முடியாதுங்கறாராமா. நான் ஆசுபத்திரிக்குப் போலாம்னு வண்டிய எடுத்தேன். லாலி ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். போய் நான் யாருன்னு சொல்றதுங்க?

போலீஸ்ல கேஸ் ஆயிருச்சு, அஜாக்கிரதைன்னு. கம்பெனி மேல வரக்கூடாதுன்னு இங்க விசாரணை. கம்ப்ளெய்ண்ட் ஜூன் மூணு, பத்தாந்தேதிக்குள்ள பண்ணியிருக்கணும், அஞ்சு வாரமா லிஸ்ட்டுல இருந்தும் டெக்னீசியன் போகலை. இதுதான் அவன் மேல குத்தம். அவன் என்னடான்னா, லிஸ்ட்டுல வரவே இல்லைங்கறான். இன்னைக்கு அவன் மேல தப்புன்னு முடிவாச்சுன்னா அந்தப் பேப்பரை நேரா ஸ்டேஷன்ல குடுப்பாங்க. வேலை போறதோட நிக்காதுங்க. உள்ள போயிருவான்.

அதுதான் என்னைக் கேக்கப்போற கேள்வி. தண்டபாணி, அந்தக் கம்ப்ளெய்ண்ட் நாச்சிமுத்து லிஸ்ட்டுல வந்துச்சா, வரலையா?

நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. என்ற வாழ்நாள்ல ஒரு லீவு லெட்டர்ல கூடப் பொய் எழுதுனதில்லை. சிஸ்டத்துல என்ன தேதி இருக்குதோ அதைப் பாருங்க சார்னு சொல்லுவேன். அவ்வளவுதான். சிஸ்டம் பேசட்டும்.

இப்பவா? இப்ப ஜூன் பத்துன்னு காட்டுதுங்க. ஆமா. பதிவான நாள்ல இருந்து ஏழு. நான் திருத்திட்டேன்லங்க. அன்னைக்கே, அடிபட்ட சேதி வந்த அன்னைக்கே, பன்னெண்டு மணிக்கெல்லாம் உக்காந்து பழையபடி பதிவான நாள்னு மாத்திப்போட்டேன். வார்த்தையை மூணு தடவை தப்பா அடிச்சேன். ஒரு தப்பு இருக்குதுன்னு தெரிஞ்ச பொறகு அதை அப்படியே விட்டு வெக்க முடியுமுங்களா? இன்னொரு கட்டடத்துல இப்படி ஆயிட்டா? தப்பைத் திருத்துனது தப்பாங்க?

நல்ல கேள்வி கேட்டீங்க. அன்னைக்கு என்ன தேதி காட்டுச்சுன்னு எங்கயும் இருக்காது. இதுதான் நீங்க நல்லாப் புரிஞ்சுக்க வேண்டியது, கணக்குப் போடற தேதிக்கும் கையால போடற தேதிக்கும் உள்ள வித்தியாசம். கையால போட்டா இன்னார் இன்ன நேரத்துல மாத்துனாருன்னு வரலாறு நிக்கும். இது எங்கயும் எழுதி வெச்ச தேதி இல்லை. நீங்க தொறக்கறப்ப அந்த நிமிசத்துல கணக்குப் போட்டுக் காட்டும். மூடுனா மறந்துரும். நேத்து என்ன சொன்னேன்னு அதுக்கே தெரியாதுங்க. நம்ம கிட்ட இருக்கறது பழைய வெர்ஷன், கணக்கை யாரு மாத்துனாங்கன்னும் அது எழுதி வெக்காது. காலையில போன லிஸ்ட்டு அடுத்த நாள் லிஸ்ட்டு வந்தா அழிஞ்சுரும். அதனால அன்னைக்கு அந்தக் கட்டத்துல என்ன இருந்துச்சுன்னு இந்த ஒலகத்துல தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். நாச்சிமுத்துக்கு. எனக்கு.

பயமாத்தான் இருக்குதுங்க. இல்லைன்னு எதுக்குச் சொல்லணும்? ராத்திரி கண்ணை மூடுனா 'இன்றும் யாரும் வரவில்லை'ன்னு வரி வரியா ஓடுது. ஆனா நானும் ரெண்டு பொட்டப்புள்ளைகளை வெச்சிருக்கறவன். ஓசூர்ல ஸ்கூலுக்கு எடம் கேட்டு வாங்கியாச்சு. நாச்சிமுத்துக்குக் கைத்தொழில் இருக்குது, எங்க போனாலும் பொழைச்சுக்குவான். எனக்கு இந்தக் கட்டத்தை விட்டா என்னங்க தெரியும்?

உள்ள போனா எப்படிப் பொழைப்பான்னா... அதெல்லாம் வக்கீல் பாத்துக்குவாங்க மேடம். நம்ம வேலையப் பாக்கலாம்.

முன்னாடி இருந்த கணக்கா? அது எதுக்குங்க உங்களுக்கு? இல்லீங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. பொறுப்பு எடுத்துக்கறவங்க கேக்கறது நாயந்தான். வாயில சொன்னாப் புரியாது, செஞ்சு காட்டறேன். தனியா சோதிச்சுப் பாக்கறதுக்கு நம்ம கிட்ட எடம் கெடையாது, இருக்கறது இது ஒண்ணுதான். ஒரு நிமிசம் மாத்திக் காட்டிப்போட்டுத் திரும்ப வெச்சர்றேன். இங்க பாருங்க. 'பதிவான நாள்'. இதை எடுத்துட்டு, 'கடைசி மாற்றம்', அதாவது கடைசியாப் பேசுன நாளு. அடிச்சாச்சுங்களா? இப்ப சேவ்.

இப்ப அந்தக் கம்ப்ளெய்ண்ட்டைத் தொறங்க. பாத்தீங்களா! ஜூலை இருபத்தஞ்சு. ஏன் இருபத்தஞ்சுன்னு சொல்லுங்க பாப்போம். அந்தம்மா கடைசியா எழுதுனது பதினாறு. அதுக்கப்பறம் யாரும் அதுல கை வெக்கக் கூடாதுன்னு எம்.டி. சொல்லிட்டாரு. பதினாறும் ஏழும் இருபத்திமூணு. இருபத்திமூணு அஷ்டமி. இருபத்திநாலு நவமி. ரெண்டையும் தாண்டி நல்ல நாளாப் பாத்து இருபத்தஞ்சுல கொண்டு போய் வெச்சிருக்குது. என்ன அழகா எண்ணுது பாத்தீங்களா? சொன்னா நம்ப மாட்டீங்க, இதை எழுதறதுக்கு எனக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. இந்த மாதிரி ஒரு கணக்கு நம்ம ஊர்ல வேற எந்தக் கம்பெனியிலயும் இருக்காதுங்க.

இருங்க, போன் அடிக்குது. கூப்பிட்டுட்டாங்க.

சார், சொல்லுங்க சார். இதோ மேல வர்றேனுங்க... ஆங்? இல்லீங்க சார், இங்கதான் இருக்கறேன், புது மேடத்துக்குச் சொல்லிக் குடுத்துட்டு... எந்தத் தேதிங்க சார்? செவுத்துலயா? இப்பத்தான் மாறுச்சுங்களா? சார், அது வந்து... யாரு சொன்னது, நாச்சிமுத்தா? ஒரு நிமிசம் சார். லைன்லயே இருங்க சார்.

மேடம். மேடம், இப்படிக் கிட்ட வாங்க, மெதுவாப் பேசுங்க. மேல அந்தக் கம்ப்ளெய்ண்ட்டைத்தான் பெருசா செவுத்துல போட்டு வெச்சிருந்தாங்களாமா. கம்பெனி வக்கீல் தேதியைக் காட்டிக் காட்டி அவனைக் கேட்டுட்டு இருந்திருக்காரு. மறுபடி ஒருக்கா தொறந்தாங்களாமா, ஜூன் பத்து போய் ஜூலை இருபத்தஞ்சு வந்துருச்சு. அவன் எந்திரிச்சு நின்னு, அடிபட்ட அன்னைக்குக் காலையில என்ற போன்ல அதைத் தொறந்து நான் பாத்த தேதி இதுதானுங்க, இருபத்தஞ்சுதானுங்கன்னு அழுகறானாமா. வக்கீல் பேனாவை மூடி வெச்சுட்டாராமா. இப்ப கீழ யாரு இதைத் தொட்டதுன்னு எம்.டி. கேக்கறாரு. லைன்ல இருக்காரு.

மேடம், நீங்க தொட்டீங்கன்னு சொல்லட்டுங்களா? தெரியாம அமுத்திட்டாங்க சார்னு சொல்லிப்போடறேன். உங்களுக்கு மொத நாள்தானுங்களே, உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.